துளி உருளுமா, ஒட்டுமா? சாய்வுப் பலகையில் அளக்கும் முறை

நீர்த்துளி முத்துப்போல் நின்றாலே தாமரை இலையில்போல் உருண்டோடிவிடும் என்று நம்ப வேண்டாம். ரோஜா இதழிலும் துளி முத்தாகத்தான் நிற்கும். இதழைக் கவிழ்த்தாலும் விழாது. தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம், உருவத்தை மட்டுமே சொல்லும். நகர்வை அறிய, எத்தனை டிகிரி சாய்வில் துளி கிளம்புகிறது என்று அளக்க வேண்டும்.

30 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனையைக் கீல் போட்டு மேசையில் பொருத்துங்கள். மறுமுனை 2.6 செ.மீ. உயர்ந்தால் சாய்வு 5 டிகிரி, 5.2 என்றால் 10. 15 என்றால் 30.

சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி உலர்த்திய கண்ணாடித் தகடுகள் மூன்று வேண்டும். ஒன்று வெறுமனே இருக்கட்டும். இன்னொன்றில் மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். மூன்றாவதை இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் மஞ்சள் பகுதியில் அசைத்தபடியே கரி பிடிக்க விடுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். கரியில் விரல் பட்டால் அந்த இடம் வீண்.

U-100 இன்சுலின் சிரிஞ்சில் (100 யூனிட் = 1 மி.லி. வகை) காய்ச்சி வடித்த நீரை எடுத்து, 2 யூனிட், அதாவது 0.02 மி.லி. விடுங்கள். ஊசி முனை பரப்புக்கு மிக அருகில் இருக்கட்டும். உயரத்திலிருந்து விட்டால் நீர் கரியின் இடுக்குகளுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அரை யூனிட் துளியோ ஊசியை விட்டே வராது.

இனி விநாடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் பலகையை உயர்த்துங்கள். முன்விளிம்பு புடைக்கும், பின்விளிம்பு சப்பையாகும். இந்த இரு விளிம்புகளின் தொடுகோணங்களுக்கு இடையிலான வித்தியாசம் கூடக்கூடப் பிடிமானமும் கூடும். முன்விளிம்பு மட்டும் நீண்டால் அது நகர்வு ஆகாது. பின்விளிம்பும் கிளம்பும் கணத்தில் உயரத்தைக் குறியுங்கள். கரியில் சில டிகிரியிலேயே ஓடிவிடும். மெழுகில் துளி ஓரளவு உருண்டு நின்றாலும் கீறல்கள் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கண்ணாடியில் நீர் பரவிப் படலமாகிவிடுவதால் சாய்வை அளந்து பயனில்லை. ஒப்பிட மட்டுமே அது.

ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து புது இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். துளியின் அளவு மாறக் கூடாது: எடை கன அளவோடு வளரும், பிடிமானமோ அகலத்தோடு மட்டுமே. அதனால் சிறு துளிக்கு அதிகச் சாய்வு தேவை. எண்கள் தாறுமாறாக வந்தால் முதலில் சிரிஞ்சைச் சந்தேகியுங்கள். அதில் துளியளவு சோப்பு மிச்சமிருந்தாலும் பரப்பு இழுவிசை இறங்கி, கரியும் நனைந்துவிடும்.