ஓடைப் பாலத்துக்கு வெள்ளக் கணக்கு

ஓடையில் பாலம் போடுமுன், நான் இன்றும் 1884இல் சென்னை மாகாணத்துக்கென ரைவ்ஸ் என்ற பொறியாளர் வகுத்த, பெருவெள்ள அளவைக் கணிக்கும் சூத்திரத்தில்தான் தொடங்குகிறேன். டோபோ ஷீட்டில் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தில்) மேட்டு விளிம்பைப் பென்சிலால் தொடர்ந்துபோய், நீர்ப்பிடிப்புப் பரப்பை அளந்துகொள்ளுங்கள். 8 சதுர கி.மீ. என்று வையுங்கள். கனமூலம் 2, அதன் வர்க்கம் 4. கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் 6.8ஆல் பெருக்குங்கள்: விநாடிக்கு 27.2 கன மீட்டர் வெள்ளம். மலையோரமானால் 10.2ஆல்.

சரி, அதோடு நிற்காதீர்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு பாட்டி பனைமரத்தில் கைவைத்துக் காட்டினார். லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால், நான் வரைந்திருந்த பாலத்தின் தளத்துக்கு மேலே இருந்தது அது! மேலேயுள்ள ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வெளியேறும் உபரி நீரும் இந்த ஓடைக்கே வருவதை நான் கவனிக்கவில்லை. அப்புறம் இரண்டு கண் பாலம் நான்கு கண்ணானது.