வீட்டு வெண்கலக் குதிரை யார் யாரிடம் இருந்தது என்று எழுதிவைக்க

எங்கள் பெங்களூரு அல்சூர் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியின் இடது ஓரம் குதிரைக்கு. வெண்கலம், 11 செ.மீ. உயரம், 870 கிராம், வால் நுனி உடைந்தது. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது வாங்கியது என்பார் அப்பா. திப்பு சுல்தான் காலத்தது என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். இருவரும் இப்போது இல்லை. அது வீட்டுக்கு வந்த நாளை அறிந்தவர் 86 வயதான அத்தை ஒருவர்தான். அதை நினைத்ததும் நோட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொருள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலை, தேய்க்காமல் இருப்பது. ஒரு நவராத்திரிக்கு சித்தி ஆசையாகப் புளி போட்டுத் தேய்த்தார். குதிரை பளபளத்தது, பீடத்தின் அடியில் ஒட்டியிருந்த பழைய காகிதத் துண்டு கரைந்து போனது. அதில் மையால் ஏதோ எழுதியிருந்தது எனக்கு ஞாபகம். என்ன எழுத்து என்று எத்தனை யோசித்தாலும் வரவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் படம். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நான்கு பக்கம், மேல், அடி என்று ஆறு படம். செல்போன் போதும். நகைக்கடைத் தராசில் எடை பார்க்கலாம். உடைவு, கீறல், அரம் பட்ட தடம் எல்லாவற்றையும் தனியாகக் குறியுங்கள். ஒரே அச்சில் செய்ததுபோல் பத்துக் குதிரை இருந்தாலும் உங்களுடையதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் குறைகள்தான்.

அடியில் பார்க்கும்போது கனமா (உள்ளும் உலோகமா), உள்ளே குடைவா என்றும் கவனியுங்கள். நம் பக்கத்துச் சிலைகள் பெரும்பாலும் கன வார்ப்பு. சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கத்து டோக்ரா உலோக வார்ப்பு வேலையில் உள்ளே களிமண் கரு இருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1923-ல் வாங்கிய கிரேக்க வெண்கலக் குதிரையை 1967-ல் அங்கிருந்த அதிகாரி ஒருவரே போலி என்று அறிவித்தார். பின்னால் அதன் வயிற்றுக்குள் இருந்த களிமண்ணைச் சோதித்துத்தான் அது பழையதே என்று நிறுவினார்கள். எங்கள் குதிரை கனம், சோதிக்க மண் இல்லை. மண் இருந்திருந்தாலும் வயது தெரியுமே தவிர, யார் வீட்டில் நின்றது என்று தெரியாது. அதற்கு மனிதர்களையும் தாள்களையும்தான் நாட வேண்டும்.

இன்று வைத்திருப்பவரில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒரு வரிக்கு ஒருவர்: யாரிடம், எந்த ஆண்டிலிருந்து எதுவரை, எப்படி வந்தது, இது நமக்கு எப்படித் தெரியும். இந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது.

பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்டால் வராது. நான் கேட்டதற்கு அத்தை, "அதெல்லாம் யாருக்குடி தெரியும்" என்று முடித்துவிட்டார். எந்த வீட்டுக் கொலுவில் முதலில் வைத்தீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் குவார்ட்டர்ஸ், பக்கத்து வீட்டுச் சுண்டல் என்று கடகடவென வந்தது. "நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச வருஷம் வச்சோம். அதுக்கு முந்தின கொலுவுல இல்ல." அத்தையின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன்: மார்ச் 1957. அப்படியானால் 1956 நவராத்திரிக்கும் 1957 நவராத்திரிக்கும் இடையில் வந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிய சுரங்கத்துத் துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, ஒரு நாற்காலியோடு தாத்தா வாங்கினாராம். ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது 1956-ல். கணக்கு பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதற்காக நடந்தது என்று எழுதிவிடக் கூடாது. "அத்தை சொன்னது, ரசீது இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இன்னொரு குதிரை. 14 செ.மீ. உயரமுள்ள பழங்காலக் கிரேக்க வெண்கலக் குதிரை அது. 1967-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஏலத்துக்கு வந்தது. 1973-ல் லண்டன் வியாபாரி ராபின் சைம்ஸிடமிருந்து ஓர் அமெரிக்கத் தம்பதி வாங்கினார்கள். 2018-ல் சோதபீஸ் அதை ஏலத்துக்கு வைத்தபோது, பாசல் ஏலத்தில் சைம்ஸே வாங்கியிருக்க மிகவும் வாய்ப்பு உண்டு என்று பட்டியலில் போட்டது. அது ஊகம். கிரேக்க அரசு உரிமை கோரிக் கடிதம் அனுப்ப, குதிரை ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் குடும்பமும் ஏல நிறுவனமும் வழக்குப் போட்டன. இன்னொரு நாட்டு அரசை இதற்காக அமெரிக்காவில் வழக்குக்கு இழுக்க முடியாது என்று 2020-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. குதிரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. பாசலுக்கு முன்னால் என்ன என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது.

தாள் தேடும்போது வெண்கலம் என்ற சொல்லைத் தேடாதீர்கள். நம் வீடுகளில் எல்லாமே பித்தளைதான். எங்கள் 1983 பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இருந்த சாமான் பட்டியலில் நான்கு முறை தேடியும் குதிரை கிடைக்கவில்லை. கடைசியில் அண்டா, குத்துவிளக்குக்குக் கீழே "பித்தளை பொம்மை 1" என்று இருந்தது. அதுவும் குதிரைதானா என்ற சந்தேகத்தைப் பக்கத்திலேயே குறித்துவைத்தேன். ஆல்பத்தையும் விடாதீர்கள். 1964 கொலுப் படத்தில், பின்புறம் ஸ்டூடியோ முத்திரையோடு, குதிரை தெளிவாக நிற்கிறது. அதிலேயே வால் உடைந்திருக்கிறது. நான் உடைத்ததாக இத்தனை வருடம் சொல்லிவந்தார்கள்!

சட்டத்தையும் பாருங்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த உலோகச் சிற்பத்தை வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் படங்களோடு பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வயது நிச்சயமில்லை என்றால் கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். டல்லாஸில் இருக்கும் அண்ணன் மகள் குதிரையைக் கேட்டாள். வயது தெரியும்வரை அது இங்கேதான் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டின் ஒரு பிரதி அவளிடம், ஒன்று என்னிடம். அத்தை தான் சொன்ன பக்கத்தைப் படித்துப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். துரையின் பெயருக்கு நேராக இன்னும் வெற்றிடம்தான். பெயர் "ஹ"வில் தொடங்கும் என்று போன வாரம் அத்தை போன் செய்தார். அதையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.