நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்றவரைப் பதிவேடுகளில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1825 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவ்ராசியோன்’ என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. அக்டோபர் 9 அன்று அது நியூயார்க்கை அடைந்தபோது, வழியில் பிறந்த ஒரு குழந்தையையும் சேர்த்து 53 பேர் இறங்கினார்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வே மக்கள் வட அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் இன்று தங்கள் மூதாதையரைத் தேடுகிறார்கள். நார்வே தேசிய ஆவணக் காப்பகம் ‘டிஜிட்டலார்கீவே’ என்ற தளத்தில் திருச்சபைப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் கட்டணமின்றித் திறந்து வைத்திருப்பதால், வீட்டில் உட்கார்ந்தபடியே தேடிவிடலாம். ஆனால் இந்த வசதிதான் பலரையும் தவறான குடும்பத்தில் கொண்டுபோய் விடுகிறது: அமெரிக்காவில் அறியப்பட்ட பெயரைத் தேடுபெட்டியில் இடுகிறார்கள்; வயதும் ஏறத்தாழப் பொருந்தும் ஒருவர் கிடைக்கிறார்; அவரையே கொள்ளுத்தாத்தாவாக எழுதிக்கொள்கிறார்கள்.

பெயரைக் குடும்பப்பெயர் என்று எண்ணுவது

நார்வேயின் கிராமப்புறத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடும்பப்பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஹன்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஹன்சென். அவருடைய மகன் பேடெர் என்றால் அவர் பேடெர் ஓல்சென். மகள் ஆன்னா என்றால் அவர் ஆன்னா ஓல்ஸ்டாட்டெர், அதாவது ஓலேயின் மகள். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டு வளர்ந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறையின் ‘கடைசிப் பெயர்’ அடுத்த தலைமுறைக்கு வராது என்பது நமக்கு வீட்டுச் செய்தி. அமெரிக்க வாரிசுகளுக்கோ இது எளிதில் பிடிபடுவதில்லை. ஓல்சென் குடும்பத்தை ஐந்து தலைமுறைக்குப் பின்னோக்கித் தேடுவதாக அவர்கள் சொல்லும்போது, அப்படியொரு குடும்பமே இருந்ததில்லை என்பதை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் நார்வேயில் 1923 இல்தான் வந்தது. பெண்கள் மணமான பின்னும் தந்தை பெயரையே வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் கல்லறையில் கணவன் பெயரோடு புதைக்கப்பட்ட ஒருத்தியை அதே பெயரில் நார்வேயில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

மூன்றாவதாக வரும் பண்ணைப் பெயரில்தான் மேலும் பலர் சறுக்குகிறார்கள். ஓலே ஹன்சென் பாக்கே என்று எழுதியிருந்தால், பாக்கே என்பது அப்போது அவர் குடியிருந்த பண்ணை. அது முகவரி. அடுத்த ஊரில் வேறொரு பண்ணைக்குக் கூலியாளாகவோ மருமகனாகவோ போனால் அந்தப் பெயரும் மாறும். ஒரே மனிதர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு பண்ணைப் பெயருடனும், திருமணப் பதிவில் இன்னொன்றுடனும், புறப்பாட்டுப் பட்டியலில் மூன்றாவதுடனும் வருவது வெகு சாதாரணம். அமெரிக்காவில் இறங்கிய பிறகு அண்ணன் தந்தை பெயரையும் தம்பி பண்ணைப் பெயரையும் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்கள் இரண்டு வெவ்வேறு பெயர்களில் அடுத்தடுத்த நிலங்களில் குடியிருந்ததும் உண்டு.

சியேரா நெவாடா மலைகளைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடந்து தபால் சுமந்த ஜான் தாம்சன் நல்ல எடுத்துக்காட்டு. தெலெமார்க்கின் தின் பகுதியில் 1827 இல் பிறந்தபோது அவர் யோன் டோர்ஸ்டைன்சோன் ரூ. டோர்ஸ்டைனின் மகன் என்பது ஆங்கிலக் காதுக்குப் பழகிய தாம்சன் ஆயிற்று. ரூ என்ற பண்ணைப் பெயர் உதிர்ந்துவிட்டது. தாம்சன் என்று நார்வேயில் எவ்வளவு தேடினாலும் அவர் அகப்படமாட்டார். மின்னசோட்டாவின் ஆளுநராகவும், பின்னர் 1895 முதல் 1923 இல் இறக்கும்வரை செனட்டராகவும் இருந்த நூட் நெல்சனின் கதை இன்னும் சிக்கலானது. வோஸ் பகுதியை அடுத்த எவாங்கரில் 1843 இல் மணமாகாத தாய்க்குப் பிறந்து, 1849 இல் தாயுடன் அமெரிக்கா வந்தவர் அவர். தாய் பின்னர் நில்ஸ் ஓல்சன் குரோட்லாண்ட் என்பவரை மணந்துகொண்டதால், மாற்றாந்தந்தையின் பெயரிலிருந்து நெல்சன் வந்தது. நெல்சன் என்றால் நில்ஸின் மகன் என்று விதியை மட்டும் நம்பித் தேடுபவர், இல்லாத ஒரு பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டிருப்பார். விதி தெரிந்தவர் செய்யும் தவறு இது. விதி தெரியாதவரின் தவறைவிடக் கண்டுபிடிப்பது கடினம்.

பெயரிடும் வழக்கத்திலும் ஒரு பொறி உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் வைப்பது பரவலான வழக்கம். ஒரு குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். இரண்டு பாட்டன்மாரும் ஓலே என்றால் ஒரே வீட்டில் இரண்டு ஓலேக்கள் உயிரோடு இருப்பதும் உண்டு. ஆகவே பிறப்புப் பதிவு கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடக்கப் பதிவுகளையும் புரட்டியாக வேண்டும்.

கடலை அவசரமாகத் தாண்டுவது

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பிறந்த பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எது, பிறந்த தேதி எது என்ற இரண்டும் கையில் இல்லாமல் நார்வேப் பதிவேடுகளைத் திறப்பது, ஊர்ப்பெயர் தெரியாமல் ‘முருகன் வீடு எங்கே’ என்று கேட்பதற்கு ஒப்பானது. அந்த இரண்டு விவரங்களும் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் மக்கள் முதலில் பார்க்கும் ஆவணங்களில் அல்ல. இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் ‘நார்வே’ என்று மட்டும் இருக்கும். அதைச் சொன்னவர் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்திருப்பார். ‘பெர்கன்’ என்றோ ‘கிறிஸ்தியானியா’ (இன்றைய ஓஸ்லோ) என்றோ எழுதியிருந்தால் அதையும் அப்படியே நம்பக் கூடாது. பெர்கனைச் சுற்றிய மாவட்டம் முழுவதையும் குறிக்க அப்படிச் சொன்னவர்களும் உண்டு, கப்பலேறிய துறைமுகத்தைப் பிறந்த ஊராக எண்ணிச் சொன்ன பிள்ளைகளும் உண்டு.

நார்வேக்காரர்கள் விஸ்கான்சின், மின்னசோட்டா, அயோவா, டகோட்டா ஆகிய இடங்களில் அமைத்த லூத்தரன் சபைகளின் பதிவேடுகளைத்தான் முதலில் தேட வேண்டும். போதகரும் ஊரிலிருந்து வந்தவர் என்பதால், உறுப்பினர் பெயருக்கு எதிரே பிறந்த பங்கின் பெயரைச் சரியான எழுத்துடன் எழுதிவைத்திருப்பார். அடுத்து, ‘டெக்கோரா-போஸ்டன்’ போன்ற நார்வீஜிய மொழிச் செய்தித்தாள்களின் இறப்புச் செய்திகள். 1874 முதல் 1972 வரை வெளிவந்த அந்த இதழை வாசித்தவர்களுக்கு, இறந்தவர் எந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் என்பது முக்கியச் செய்தி. 1862 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச நிலம் பெற்றவர்களின் கோப்புகளில், குடியுரிமைக்கான விருப்ப அறிவிப்பின் நகல் இணைக்கப்பட்டிருக்கும். 1906 செப்டம்பருக்கு முந்திய குடியுரிமைத் தாள்கள் எந்த நீதிமன்றத்திலும் பதிவாகியிருக்கலாம், அவற்றில் விவரமும் குறைவு. அதன்பின் வந்த ஒரே மாதிரிப் படிவங்கள் பிறந்த இடம், தேதி, கப்பல் வரை கேட்கின்றன.

கணக்கெடுப்புகளிலும் கவனம் வேண்டும். 1890 ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 இல் நேர்ந்த தீவிபத்தாலும் அதன் பின்விளைவாலும் அழிந்தது. அதை நிரப்ப மின்னசோட்டா 1885 இலும் 1895 இலும் தனியே எடுத்த மாநிலக் கணக்கெடுப்புகள் உதவும். 1900 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிறந்த மாதத்தையும், நாட்டுக்கு வந்த ஆண்டையும் கேட்டது; ஆனால் வந்த ஆண்டை மக்கள் நினைவிலிருந்து சொன்னார்கள் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். பிறந்த நாடு ‘ஸ்வீடன்’ என்று இருந்தால் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. 1814 முதல் 1905 வரை நார்வே, ஸ்வீடன் மன்னரின் கீழ் ஒன்றியத்தில் இருந்தது; குடியுரிமை கேட்டவர்கள் ‘ஸ்வீடன், நார்வே மன்னருக்கு’ இருந்த விசுவாசத்தைத் துறந்தார்கள்; எழுத்தர்கள் அதைச் சுருக்கினார்கள்.

கப்பல் பட்டியலில் இல்லையென்றால் வரவே இல்லை என்று முடிவுகட்டுவது

நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவரை அங்கே தேடுவது வீண். அங்கிருந்த அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பங்கள் சொல்லும் கதையும் நிற்காது. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட இடத்திலேயே எழுதப்பட்டு வந்தது. அதிகாரி அதைச் சரிபார்த்தார். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் குடியேறியவரேதான்.

1850 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு நார்வே மக்களில் மிகப் பெரும்பாலோர் நியூயார்க்குக்கே வரவில்லை. தன் ஆட்சியிலிருந்த துறைமுகங்களில் அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய கடல்வணிகச் சட்டங்களைப் பிரிட்டன் 1849 இல் நீக்கியதால், கனடாவின் கியூபெக்கில் இறங்கி ஏரிகள் வழியே மேற்கே சென்றார்கள். கியூபெக்கின் பயணிகள் பட்டியல் 1865 முதல்தான் முறையாக எஞ்சியிருக்கிறது. நீராவிக் கப்பல் காலத்தில் வந்தவர்கள் நார்வேயிலிருந்து இங்கிலாந்தின் ஹல் நகருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து லிவர்பூலுக்கு ரயில், லிவர்பூலிலிருந்து வேறு கப்பல் என்று மாறி வந்தார்கள். எனவே நார்வே காவல்துறையின் புறப்பாட்டுப் பதிவேட்டில் உள்ள கப்பலும் அமெரிக்கப் பட்டியலில் உள்ள கப்பலும் வேறாக இருப்பதைக் கண்டு, இவர் அவரல்ல என்று தள்ளிவிடக் கூடாது. அந்தக் காவல்துறைப் பதிவேடுகள் கிறிஸ்தியானியாவுக்கும் ட்ரொண்ட்ஹைமுக்கும் 1867 முதலும், பெர்கனுக்கு 1874 முதலும் உள்ளன. அதற்கு முந்தியவர்களுக்குத் திருச்சபைப் பதிவேட்டின் ‘வெளியேறியோர்’ பட்டியல்தான் கதி. போதகரிடம் சொல்லாமல் போனவர்கள் அதிலும் இருக்கமாட்டார்கள்.

ஊரும் தேதியும்

பாக்கே, ஹவ்கென், பெர்க், மோயென் என்ற பண்ணைப் பெயர்கள் சரிவு, மேடு, மலை போன்ற நிலக்குறிப்புகளே. நாடு முழுவதும் எண்ணற்ற இடங்களில் உள்ளன. பங்கின் பெயர் இல்லாமல் பண்ணைப் பெயர் மட்டும் கிடைத்தால் அதை வைத்துத் தேடாதீர்கள். எழுத்துகளும் நிலையாக இல்லை: பழைய ஏட்டில் இரட்டை ‘ஏ’ (aa) என்பது இன்று மேலே வளையமிட்ட ஒற்றை எழுத்து (å), அது நார்வீஜிய அகரவரிசையின் கடைசியில் வரும். வோஸின் ரோக்னே பண்ணைப் பெயரைத் தாங்கி 1893 இல் சிகாகோ வந்த சிறுவன், பின்னாளில் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னியாக அறியப்பட்டதில், ஒரே ஒரு எழுத்து கூடியிருக்கிறது. மாவட்டப் பெயர்களும் 1919 இல் மாறின. நூர்ட்ரே பெர்கன்ஹூஸ் என்று தாளில் இருப்பது பிறகு சோக்ன் ஓ ஃபியூர்டானே ஆயிற்று, அதுவும் 2020 இல் வெஸ்ட்லாண்டில் கரைந்தது. கிறிஸ்தியானியா 1925 இல் ஓஸ்லோ ஆனது.

தேதியில் ஒரு சிறு எழுத்துப்பிழை ஆளையே மாற்றிவிடும். ஏட்டில் 8 என்ற எண்ணுக்கு அருகே ‘பிஆர்’ என்று இருந்தால் அது ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். லத்தீனில் எட்டு என்பது ‘ஆக்டோ’. அதேபோல் 7 செப்டம்பர், 9 நவம்பர், 10 டிசம்பர். 5/4 என்பது ஏப்ரல் 5. அமெரிக்கர் அதை மே 4 என்று படித்துக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவார். பழைய பக்கங்களில் தேதியே இருக்காது, ‘திரித்துவ ஞாயிறுக்குப் பின் இரண்டாம் ஞாயிறு’ என்று மட்டும் இருக்கும். 1865 ஆம் ஆண்டு நார்வே கணக்கெடுப்பில் வயதை நடப்பு வயதாக எழுதினார்கள். 30 என்று இருந்தால் அவருக்கு முப்பதாவது ஆண்டு நடக்கிறது என்று பொருள், பிறந்தது 1836. அந்த ஆண்டு முடிவில் முழு வயது 29 தான். 1835 இல் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

சரியான ஆள்தானா என்று சோதிக்காமல் விடுவது

பெயரும் வயதும் பங்கும் பொருந்தும் ஒரு பையன் ஞானஸ்நானப் பதிவில் கிடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் வேலை தொடங்குகிறது. அந்தப் பக்கத்தில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர் பெயர், அவர்கள் குடியிருந்த பண்ணை, கடைசியில் ஞானப்பெற்றோரின் பெயர் வரிசை என்று இருக்கும். அந்தக் கடைசி வரிசையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஞானப்பெற்றோர் அநேகமாக மாமன், அத்தை, சித்தப்பன் முறையினர், அவர்களில் சிலர் அமெரிக்காவில் அதே ஊரில் பக்கத்து நிலத்துக்காரராகவோ குடியேறியவருடைய பிள்ளைகளின் ஞானப்பெற்றோராகவோ மீண்டும் தலைகாட்டுவார்கள். அந்த ஒற்றுமை பெயர்ப் பொருத்தத்தைவிட வலிய சான்று.

அதற்கும் மேலான சோதனை ஒன்று உண்டு: அமெரிக்கா போனவர் நார்வேயில் இருக்கக் கூடாது. கண்டெடுத்த பையன் பதினைந்து வயதளவில் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு) பெற்றிருக்கிறானா, அதன்பின் அதே பங்கில் திருமணமோ அடக்கமோ பதிவாகியிருக்கிறதா, 1875 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே பண்ணையில் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அவன் புறப்பட்டுப் போனதாகக் கருதும் ஆண்டுக்குப் பின்னும் அங்கேயே வாழ்ந்திருந்தால் அவன் வேறொருவன். தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு விதிவிலக்கு: திரும்பி வந்தவர்கள் கணிசமாக உண்டு, அவர்களைக் குறித்துக்கொள்ள 1910 ஆம் ஆண்டு நார்வே கணக்கெடுப்பு தனிக் கேள்வியே வைத்திருந்தது.

பதிவேட்டைப் படித்து யாரோ தட்டச்சிட்ட தேடல் முடிவை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். கையெழுத்துப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். போதகரின் ஏடு மங்கியிருந்தால், கோயில் குட்டி (போதகருக்கு உதவிய கோயில் ஊழியர்) எழுதிய படி பல இடங்களில் தனியே இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடலாம். ஊர் வரலாற்று நூல்களான ‘பிக்டெபோக்’ தொகுதிகள் பண்ணை பண்ணையாகக் குடும்பங்களைச் சொல்வதால் பெரும் உதவி. ஆனால் அவையும் யாரோ ஒருவர் பதிவேட்டைப் படித்து எழுதியவை. இணையத்தில் மற்றவர்கள் ஏற்றிவைத்த மரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லா வழியும் அடைத்துக்கொண்டால் நார்வேயில் தங்கிவிட்ட பெற்றோரின் சொத்துப் பிரிவினைப் பதிவைத் தேடுங்கள். தந்தை இறந்தபோது வாரிசுகளை வரிசையாக எழுதிய எழுத்தர், ஒரு மகனின் பெயருக்கு எதிரே ‘அமெரிக்காவில் இருக்கிறான்’ என்று குறித்து வைத்திருக்கக்கூடும்.