வளர்ந்த பால் பைத்தானைத் தத்தெடுத்துத் தேற்றும் முறை

காரைக்குடிப் பக்கத்து எங்கள் வீட்டிற்கு ஆறு வயதுப் பால் பைத்தான் (ball python) என்ற அயல்நாட்டு மலைப்பாம்பு ஒன்று வந்து சேர்ந்தபோது, அதன் முதுகெலும்பு ஓட்டு வீட்டு முகடு போலத் துருத்திக்கொண்டிருந்தது. எடை 900 கிராம்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் இவ்வினம் அச்சமுற்றால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்பதால், ஆங்கிலத்தில் பந்து எனப் பொருள்படும் 'பால்' என்ற இப்பெயர் பெற்றது. பெயரைக் கேட்டவுடன் எங்கள் அப்பத்தா கிண்ணத்தில் பாலோடு வந்துவிட்டார்கள். பாம்பு பால் அருந்துவதில்லை, அதற்குத் தண்ணீரே போதும்.

1. ஆவணங்கள்

நம் காட்டு மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். கண்மாய்க் கரையிலோ தோட்டத்திலோ அது தென்பட்டால் வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு விலகி நில்லுங்கள். அயல்நாட்டு இனமான பால் பைத்தானை வைத்திருக்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறும்போதும் அதைத் தெரிவிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால், எவ்வளவு இரக்கம் தோன்றினாலும், அது சரியாகும்வரை பாம்பை வாங்காதீர்கள். இது 20 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடியது என்பதையும் வீட்டாரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

2. இருப்பிடம்

நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட, பூட்டக்கூடிய பெட்டி ஒன்று போதும். அதன் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை வெப்பத்திலும் மறுபக்கம் 25 முதல் 27 பாகையிலும் இருக்க வேண்டும். இரு பக்கமும் உடலை ஒட்டி மூடும் அளவில் பாம்பு ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம் வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்பதால், இரை செரிப்பதும் நோயை எதிர்ப்பதும் இந்தச் சூட்டைப் பொறுத்தவை. பெட்டியைச் சூடாக்கும் மின் சூட்டுப்பாயைத் தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்படுத்தி) இல்லாமல் இணைத்தால் வயிறு வெந்துவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் பாம்பைச் சூடாக வைப்பதைப் பற்றியே பேசுகின்றன; செட்டிநாட்டிலோ சித்திரை வைகாசியில் குளிர்ச்சியாக வைப்பதுதான் பெரும்பாடு. வெயில் இறங்கும் வளவை ஒட்டி வைக்காமல், தடித்த சுவருள்ள உள்ளறையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மீதே பெட்டியை வைத்தால் நண்பகலிலும் தாங்கும். பெட்டிக்குள் 35 பாகையைத் தாண்ட விடாதீர்கள். பழைய வீடுகளில் தண்ணீர் வெளியேறும் துளைகள் பல இருக்கும். அறையின் துளைகளைக் கம்பிவலையால் அடைத்த பிறகே பாம்பைக் கொண்டுவாருங்கள்.

3. முதல் சில வாரங்கள்

வேறு பாம்பு இருந்தால், புதியதைக் குறைந்தது 90 நாள் தனியறையில் வையுங்கள். இக்காலத்தில் நார்த்தூள் பரப்பாமல் வெள்ளைத் தாளை விரித்தால், மிளகுத்தூள் போன்ற கருஞ்செள்ளுகள் உடனே கண்ணில் படும். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் குமிழி, ஈறில் சீழ் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்; அத்தகையோர் அரிது என்பதால் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பழைய சட்டை ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். 28 முதல் 30 பாகை வெதுவெதுப்பான நீரில், உடலின் பாதி உயரம்வரை, இருபது நிமிடம் பார்வையிலேயே ஊறவிட்டு, ஈரத்துணிக்குள் ஊர்ந்து செல்ல விடுங்கள். கண்ணின் மேல் ஒட்டிய படலத்தை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கிண்ணங்களை அடுப்படியில் கழுவாமல் கொல்லையில் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; ஊர்வனவற்றின் மலத்தில் சால்மொனெல்லா இருக்கக்கூடும்.

4. இரை

நான் தவறியது இங்கேதான். மெலிவைக் கண்டு பொறுக்காமல் மூன்றாம் நாளே பெரிய எலியொன்றைக் கொடுத்தேன். இரண்டு நாளில் அதைக் கக்கிவிட்டது. கக்கிய பாம்புக்கு அடுத்த இரைக்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், ஆகவே என் அவசரத்தால் அது கூடுதலாகப் பட்டினி கிடந்தது. முதல் வாரம் தண்ணீரும் சூடும் தனிமையும் மட்டும் கொடுங்கள். பிறகு உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மிகாத இரையில் தொடங்கலாம். 900 கிராம் பாம்புக்கு 45 கிராம் எலி. அது கக்காமல் செரித்தால், 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். வீட்டெலியின் வயிற்றில் எலிமருந்து இருக்கலாம். உறைய வைத்த பண்ணை எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, வெந்நீரில் உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் மாலையில் நீட்டுங்கள். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் பிராணி என்பதால் ஆறிய இரையைத் திரும்பிப் பாராது.

5. கையில் எடுப்பது

மூன்று இரை தொடர்ந்து செரித்த பிறகு, வாரம் இருமுறை, பத்து நிமிடம் எடுக்கலாம். தலைக்கு மேலிருந்து கை நீட்டாமல், பக்கவாட்டில் உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கையை நுழைத்துத் தாங்குங்கள். இரை விழுங்கிய 48 மணி நேரத்திற்குள்ளும், சட்டை உரிக்குமுன் கண் பால்நிறமாக மங்கியிருக்கும் நாட்களிலும் தொடாதீர்கள். எங்கள் பாம்பு பந்தாகச் சுருளாமல் என் கையில் முதன்முதலாக ஊர்ந்தது ஐந்தாம் மாதத்தில்.