ஏஐ எழுதித் தள்ளும் இஷ்யூக்களை எப்படிச் சமாளிப்பது

பழைய தமிழ்க் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன பைதான் லைப்ரரி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். திஸ்கி, டாப், டாம், பாமினி என்று அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. அவற்றை மீட்க நினைப்பவர்கள்தான் என் பயனர்கள். கூட்டம் குறைவு, காசு கிடையாது. இந்த மூலைக்கே ஏஐ எழுதிய இஷ்யூ (கிட்ஹப் தளத்தில் பயனர்கள் போடும் பிழைப் புகார்) வந்து விழுகிறது என்றால், ஆயிரக்கணக்கில் ஸ்டார் வாங்கிய ரெப்போக்களின் (நிரல் களஞ்சியங்களின்) பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இப்படி ஒரு இஷ்யூவை ஏஐயிடம் எழுதி வாங்க அரை நிமிடம் போதும். அதைப் படித்து, நிரலைத் திறந்து, அப்படி ஒரு பிழையே இல்லை என்று உறுதிசெய்வதற்குள் எனக்கு ஒரு ராத்திரி போய்விடும். கீழே சொல்லும் வழிகள் எல்லாமே இந்தக் கணக்கைத் திருப்பிப் போடத்தான். பிழை இருக்கிறது என்று காட்டும் வேலை அனுப்பியவருடையது.

அடையாளம் காண்பது

எனக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். தலைப்பில் ‘மிகக் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு: திஸ்கி டிகோடரில் பஃபர் ஓவர்ஃப்ளோ’. உள்ளே சுருக்கம், தாக்கம், மறுஉருவாக்கும் படிகள், பரிந்துரை என்று தடித்த எழுத்தில் துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஈமோஜி. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் என் லைப்ரரி முழுக்க முழுக்கப் பைதான். சி-யில் எழுதிய ஒரு வரிகூட அதில் கிடையாது, நிரம்பி வழிவதற்கு பஃபரும் (ஒதுக்கிவைத்த நினைவக இடமும்) கிடையாது. அவர் பெயர் சொல்லியிருந்த ஃபங்ஷன் ரெப்போவிலேயே இல்லை. மறுஉருவாக்கும் படியில் திஸ்கி டிகோடருக்குக் கொடுத்திருந்த உள்ளீடு, யூனிகோடில் அடித்த ‘வணக்கம்’.

அதே வாரம் இன்னொன்று வந்தது. தலைப்பு ‘கௌ வரவில்லை’. உள்ளே ஒரே வரி: கௌரவம் என்பது கெளரவம் என்று வருகிறது, தேடினால் கிடைப்பதில்லை. கூடவே ஒரு பாமினி கோப்பு. அவ்வளவுதான். பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ள எழுத்துக்கும் ஒரே விசை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், யூனிகோடில் இரண்டும் வேறு. கோப்பைத் திறந்ததும் பிழை கையில் கிடைத்துவிட்டது.

இப்போதெல்லாம் இஷ்யூவின் மொழிநடையை நான் பார்ப்பதே இல்லை. முன்பு நன்றாக எழுதியிருந்தால் மெனக்கெட்டிருக்கிறார் என்று நம்பலாம். அந்த அடையாளம் செத்துவிட்டது. நான் பார்ப்பது மூன்றே விஷயம்: குறிப்பிட்ட ஃபங்ஷன் நிஜமாகவே இருக்கிறதா, கொடுத்த உள்ளீட்டை ஓட்டினால் அவர் சொன்ன வெளியீடு வருகிறதா, பதிப்பு எண் நான் வெளியிட்டதுதானா. ஃபங்ஷன் பெயரை ரெப்போவில் தேடிப் பார்க்கச் சில நொடி ஆகும். கிடைக்கவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

ஒரே கேள்வி, ஒரே முறை

சந்தேகத்துக்கு இடம் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கிட்ஹப்பில் சேவ்டு ரிப்ளை என்று ஒரு வசதி இருக்கிறது. பதிலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இரண்டு கிளிக்கில் போட்டுவிடலாம். என்னுடையது இவ்வளவுதான்: ‘நன்றி. மூல உள்ளீட்டை பைட் பைட்டாக ஹெக்ஸ் வடிவிலும், வந்த வெளியீட்டையும், நீங்கள் எதிர்பார்த்ததையும் ஒட்டுங்கள். ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் மூடிவிடுவேன்.’ ஹெக்ஸ் என்பது ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டுவது.

நிஜமான ஆள் கோப்போடு வருவார். மற்றவரிடமிருந்து ஒரே நிமிடத்தில் ‘நீங்கள் சொல்வது மிகச் சரி’ என்று தொடங்கி, முதலில் சொன்னதையே வேறு வார்த்தைகளில் இன்னும் நீட்டி ஒரு பதில் வரும். அதோடு முடித்துக்கொள்ளுங்கள். மூடுங்கள், ஸ்பேம் என்று காரணம் குறித்து உரையாடலைப் பூட்டுங்கள். வாதம் வேண்டாம். நீங்கள் எழுதுவதை அவர் படிப்பதில்லை, அப்படியே ஏஐ பெட்டியில் ஒட்டுகிறார். பைதானின் பாதுகாப்புப் பணியில் இருக்கும் செத் லார்சன் 2024 டிசம்பரிலேயே இந்தப் போக்கைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார். பார்வைக்குப் பொருத்தமாக இருப்பதால்தான் இவை நேரத்தைத் தின்கின்றன, முழுக்க அபத்தமாக இருந்தால் பிரச்சினையே இல்லை.

இல்லாத ஒரு ஆப்ஷனின் பெயரைச் சொல்லி ‘அதிலும் இப்படி வருகிறதா?’ என்று கேட்டு மாட்டவைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்து பயந்து முதல்முறையாக இஷ்யூ போடும் பிள்ளையும் ‘ஆமாம் சார்’ என்றுதான் சொல்லும்.

வாசலிலேயே வடிகட்டுங்கள்

கிட்ஹப்பில் வெற்று இஷ்யூ திறக்க முடியாதபடி அடைத்துவிட்டு, படிவம் வழியாக மட்டும் வரச் செய்யலாம். என் படிவத்தில் கட்டாயக் கட்டங்கள் நான்கு: லைப்ரரியின் பதிப்பு, மூலக் குறியாக்கம், ஹெக்ஸ் உள்ளீடு, எதிர்பார்த்த வெளியீடு. ‘இதைக் கண்டுபிடிக்கவோ எழுதவோ ஏஐ பயன்படுத்தினீர்களா, எதற்கு?’ என்று கட்டாயமில்லாத ஒரு கட்டமும் இருக்கிறது. உங்கள் புராஜெக்ட்டுக்கு எது சாட்சியோ அதைக் கேளுங்கள். பொதுவான டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்து வைத்தால் அதை ஏஐ அழகாக நிரப்பிக் கொடுத்துவிடும்.

ஒரு சூட்சுமம்: ஏபிஐ வழியாக (வலைப்பக்கத்தைத் திறக்காமல் நிரல் மூலமாக) போடும் இஷ்யூ இந்தப் படிவத்தைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். ஆகவே படிவத்தின் தலைப்புகள் இல்லாமல் ஒன்று வந்து நின்றால், எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதையும் தாண்டிக் கதவை இறுக்கியவர்கள் இருக்கிறார்கள். கோஸ்டி டெர்மினல் புராஜெக்ட்டில் பயனர்கள் முதலில் டிஸ்கஷனில்தான் (பொது உரையாடல் பகுதியில்) பேச வேண்டும், இஷ்யூவாக மாற்றுவது மெயின்டெயினர் (பராமரிப்பாளர்) வேலை. ஜென்டூ என்ற லினக்ஸ் வகை 2024 ஏப்ரலில் ஏஐ எழுதிய பங்களிப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தது. நான் அந்த அளவுக்குப் போகவில்லை, காரணம் என் பயனர்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ சிவகாசியிலிருந்தோ எழுதும் ஒருவர், தமிழில் நினைத்ததை ஏஐயிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி அனுப்புகிறார். நடை ஏஐயுடையது, பிழை அவருடையது. அதைத் தூக்கி எறிந்தால் எனக்குத்தான் நஷ்டம். ‘தமிழிலேயே எழுதலாம்’ என்று படிவத்தின் உச்சியில் ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு அந்த வகை இஷ்யூக்களில் அலங்காரம் போய் விஷயம் மட்டும் வருகிறது.

புல் ரிக்வெஸ்ட்

திருத்திய நிரலையே அனுப்பி, சேர்த்துக்கொள்ளச் சொல்வதுதான் புல் ரிக்வெஸ்ட். இஷ்யூவைவிட ஆபத்து இதில்தான். மேலே சொன்ன கௌரவம் பிழைக்கு, யாரும் கேட்காமலே ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. கொம்புக்கும் மெய்க்கும் பின்னால் ள வந்தால் எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்று என்று ஒரே வரி. விளக்கம் மட்டும் ஒரு பக்கம், ‘எல்லா டெஸ்டும் பாஸ்’ என்ற உறுதிமொழியோடு. அந்த வரியைச் சேர்த்தால் கௌரவம் சரியாகிவிடும். தெளிவு ‘தௌிவு’ ஆகும், வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆகும். தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் வெளியீட்டை ஒருமுறை பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

தெளிவு, வெள்ளம், வெளி மூன்றையும் அன்றே டெஸ்டில் (நிரலைத் தானாகச் சோதிக்கும் பகுதியில்) சேர்த்தேன். உங்கள் துறையில் மேலோட்டமாகப் பார்த்துத் திருத்துபவர் தவறாமல் உடைக்கும் இடங்கள் சில இருக்கும். அவற்றை டெஸ்டாக எழுதி வைத்துவிட்டால் சிவப்புக் குறி உங்களுக்காகப் பேசிக்கொள்ளும். டெஸ்ட் தோற்ற புல் ரிக்வெஸ்டை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் ‘இதை எனக்கு அசைன் பண்ணுங்கள்’ என்று கமெண்ட்டுகள் குவியும். திறமூலப் பணிக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பங்களிப்பை எண்ணிக்கையில் அளந்தால் எண்ணிக்கைதான் வரும். புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் தந்த 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் (அறிமுகக் கோப்பில்) ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகள் ஏஐ வருவதற்கு முந்தியவை. கேட்பவருக்கு அசைன் செய்யாதீர்கள். முதலில் உடைகிற ஒரு டெஸ்டை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவர் சிலர்தான், அவர்கள் தேறுவார்கள்.

பாதுகாப்புப் புகார்

இதை மட்டும் அலட்சியமாக மூட முடியாது, அதுதான் சிக்கல். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் புராஜெக்ட்டின் டேனியல் ஸ்டென்பெர்க் இந்தச் சங்கடத்தை வெளிப்படையாக எழுதி வந்தார். 2019 முதல் ஹேக்கர்ஒன் என்ற தளம் வழியாகப் பிழைக்குப் பரிசு கொடுத்து வந்தார்கள். 2025-இன் நடுவில் அவர் சொன்ன கணக்குப்படி, வந்த புகார்களில் சுமார் 20 சதவீதம் ஏஐ குப்பை, நிஜமான பாதுகாப்பு ஓட்டை சுமார் 5 சதவீதம். 2026 ஜனவரி முடிவோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அதே கர்ல், 2025 செப்டம்பரில் ஒருவர் ஏஐ கருவிகளைக் கொண்டு கண்டுபிடித்து அனுப்பிய பிழைகளை டஜன் கணக்கில் ஏற்றுத் திருத்தியது.

நம் அளவிலான புராஜெக்ட்டுக்கு இரண்டு காரியம் போதும். கிட்ஹப்பின் தனிப்பட்ட புகார் வசதியை இயக்கிவிடுங்கள். பொது இடத்தில் வரும் ‘மிகக் கடுமையான’ இஷ்யூக்களை அங்கே போடச் சொல்லி மூடிவிடலாம். ரெப்போவில் வைக்கும் செக்யூரிட்டி ஃபைலில், ஓட்டிப் பார்க்கக்கூடிய சிறு ஸ்கிரிப்ட் இல்லாத புகாரைப் படிக்க மாட்டோம் என்றும், பரிசுத்தொகை கிடையாது என்றும் எழுதுங்கள். இரண்டாவது வரியைப் பார்த்துப் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

அலையாக வந்தால்

கிட்ஹப் செட்டிங்ஸில், யார் எழுதலாம் என்பதைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும் இன்டராக்‌ஷன் லிமிட்ஸ் இருக்கிறது. புதுக் கணக்குகளை மட்டும் தடுக்கலாம், ஏற்கெனவே பங்களித்தவரை மட்டும் விடலாம், அல்லது கொலாபரேட்டர்களை (ரெப்போவில் உடன் வேலை செய்பவர்களை) தவிர எல்லோரையும் நிறுத்தலாம். 24 மணி நேரத்திலிருந்து 6 மாதம் வரை. நான் முதல் வகையோடு ஒரு வாரம் போடுவேன், பெரும்பாலும் அதுவே போதும். இரண்டாவது வகையைப் போட்டால், பாமினி கோப்பை வைத்துக்கொண்டு முதல்முறை வருகிறவருக்கும் கதவு அடைபடும். ஆகவே அதை இயக்கும் நாட்களில் ரீட்மீயின் முதல் வரியில் ஒரு மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, கோப்பை அங்கே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.