உரத்தில் புழு இருந்தால்

வீட்டு உரத்தொட்டியைக் கிளறும்போது புழு நெளிந்தால் உடனே பூச்சி மருந்தைத் தேடாதீர்கள். பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரிவரியாக இருப்பவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். செடியை ஒன்றும் செய்யாது, கழிவைத்தான் தின்னும். அவை நிறைய இருந்தால் உரம் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளையாக, கொழுத்து, சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுவை மட்டும் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள். சில வகை தொட்டிச் செடியின் வேரைக் கடித்துவிடும். பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னும் கவனம், காண்டாமிருக வண்டு வளர்வதே இப்படிப்பட்ட எருவில்தான்.

மக்கிய உரத்தைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காலை வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். மைனா வந்து பாதி வேலையை முடித்துவிடும். அப்புறம் சலித்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து போடுங்கள். மண்புழு கண்ணில் பட்டால் முதலிலேயே எடுத்துத் தொட்டி மண்ணில் விட்டுவிடுங்கள், வெயில் தாங்காது.