'ரெண்டு நாளா காய்ச்சல்': ஆங்கிலத்தில் 'ஹேவ்' விட்டுப்போகும் இடம்

பள்ளிக்கூட லீவ் லெட்டரில் நாம் எல்லோரும் எழுதிய வரி இது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. அதில் பிழை ஏதும் இல்லை. அதன் வாலில் 'சின்ஸ் டூ டேஸ்' என்று ஒட்டவைக்கும்போதுதான் வாக்கியம் கெடுகிறது.

'ரெண்டு நாளா காய்ச்சல் அடிக்குது', 'அஞ்சு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். காய்ச்சல் இன்னும் விடவில்லை, வேலையும் தொடர்கிறது. தமிழுக்கு அது போதும். அதே கணக்கில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது. நல்ல தமிழ் தெரிந்தவர்தான் இந்தத் தவறைச் செய்வார். இதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் காரியத்தின் கால அளவைச் சொன்னால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வந்தாக வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. காய்ச்சலுக்கு 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்'. 'ஹேவ் ஹேட்' என்று அடுத்தடுத்து வருவது காதுக்கு உறுத்தும், ஆனால் அதுதான் சரி.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கு விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. 'திங்கட்கிழமையிலேர்ந்து', '2019லேர்ந்து', 'சின்ன வயசுலேர்ந்து' என்று 'லேர்ந்து' வந்தால் தொடங்கிய இடத்தைச் சொல்கிறோம், அங்கே 'சின்ஸ்'. 'மூணு மாசமா', 'ஒரு மணி நேரமா' என்று 'ஆ' சேர்ந்தால் நீளத்தைச் சொல்கிறோம், அங்கே 'ஃபார்'. 'ரெண்டு நாளிலிருந்து' என்று சிலர் சொல்வதுண்டு. அது நாள் கணக்குதான் என்பதால் அதற்கும் 'ஃபார்'தான். வாயைத் திறக்குமுன் தமிழ் வாக்கியத்தை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், எது வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஹேவ் வரக்கூடாத இடத்தில் அதைப் போடுவது. 'நேத்தே மெயில் அனுப்பியிருக்கேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேவ் சென்ட் த மெயில் எஸ்டர்டே' என்றால் தவறு. நேற்று, போன வாரம், 2015இல் என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஐ சென்ட் த மெயில் எஸ்டர்டே' என்று மட்டும் சொல்ல வேண்டும். நேரத்தைச் சொல்லவில்லையென்றால் 'ஐ ஹேவ் சென்ட் த மெயில்' தாராளமாக வரலாம்.

அலுவலக மெயில்களில் இதே வாக்கியம் 'ஐ ஹேட் சென்ட்' என்றும் வருகிறது. 'ஹேட்' போட்டால் கொஞ்சம் மரியாதையாக, அழுத்தமாக இருப்பதாக ஓர் எண்ணம். ஆனால் பழைய சம்பவம் இரண்டு இருந்து, அதில் எது முந்தியது என்று காட்டவே 'ஹேட்' இருக்கிறது. 'நான் ஸ்டேஷனுக்குப் போறப்ப வண்டி கிளம்பியிருந்தது' என்கிறோமே, அந்த 'இருந்தது'தான் அது: 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்'. ஒரே ஒரு சம்பவத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் 'போயிருக்கார்'. 'அப்பா மதுரைக்குப் போயிருக்கார்' என்றால் அவர் இப்போது வீட்டில் இல்லை. 'அப்பா ரெண்டு தடவை மதுரைக்குப் போயிருக்கார்' என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம். தமிழில் சொல் ஒன்றுதான், பொருளைச் சூழல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் சொல்லே மாறும். போனவர் இன்னும் திரும்பவில்லையென்றால் 'ஹி ஹேஸ் கான் டு மதுரை'. போய்வந்த அனுபவம் என்றால் 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை ட்வைஸ்'. ஆகவே இன்டர்வியூவில் 'டெல்லிக்குப் போயிருக்கிறீர்களா' என்று கேட்டால், 'எஸ், ஐ ஹேவ் கான் டு டெல்லி' என்று சொல்லிவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்துகொண்டு நான் டெல்லியில் இருக்கிறேன் என்று சொன்னதாகிவிடும். 'எஸ், ஐ ஹேவ் பீன் டு டெல்லி' என்பதே பதில்.